"யாரு பிள்ளை இது?"

நர்ஸான என்னைப் பிரசவ வார்டுக்கு இன்சார்ஜாக மாற்றிய முதல் நாள். முத்தையாபுரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பிள்ளை பிடிக்கிறார்கள் என்று அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரே புரளி. "யாரையும் நம்பாதிய சிஸ்டர்" என்று மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

பதினொரு மணி இருக்கும். லிஃப்ட் பக்கம் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். வெள்ளைக்கார நிறம், பூனைக்கண், செம்பட்டை முடி. குழந்தை நல்ல கறுப்பு. ஓடிப்போய் மறித்தேன்.

"யாரு பிள்ளை இது? மதர் எங்க?"

"நாந்தான் சிஸ்டர். உள்ள புழுங்குதுன்னு காத்தாட வந்தேன். எனக்கு இங்கன திரேஸ்புரந்தான்."

அசல் நம்ம ஊர்ப் பேச்சு. காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு செக்யூரிட்டியைக் கூப்பிட்டேன். குழந்தை வீரிட்டது. அவள் நைட்டி முன்பக்கம் பாலில் நனைந்தது. அதைப் பார்த்தும் நான் கொடுக்கவில்லை.

அவள் கத்தவில்லை. "பிள்ளை கால்ல டேக் கெடக்கு சிஸ்டர். வாசிங்க."

வாசித்தேன். 'ரெஜினாவின் பெண் குழந்தை', கூடவே ஒரு நம்பர். அவள் கையில் கட்டியிருந்த டேக்கிலும் அதே நம்பர். "சாரிம்மா" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டு, ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சு என்று நகர்ந்துவிட்டேன்.

அவள் அப்பா கப்பலில் வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், அம்மா நம்ம கடற்கரைக்காரி, புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர், இவள் கவிதை எழுதுவாள் என்று அப்புறம் வார்டில் சொன்னார்கள்.

நான் ஓய்வுபெற்ற வருஷம் அவளுடைய முதல் நாவல் வந்தது. வாங்கி, கடையிலேயே நின்று என்னைத் தேடினேன். கிழிகிழியென்று கிழித்திருப்பாள் என்று பயம். அந்த லிஃப்ட் சம்பவம் இருந்தது. அதில் நர்ஸுக்கு இரண்டே வரி. மீதி நாலு பக்கமும் அந்தத் தாய், இது தன் பிள்ளைதானா என்று சந்தேகப்படுகிறாள்.

மறுநாளே வீடு தேடிப் போனேன். "கதைக்காக எழுதுனதாம்மா?"

"நெசந்தான் சிஸ்டர். சின்னதுல என்னைக் காட்டி எங்க அம்மாட்ட ஊரே கேட்ட கேள்வி, 'யாரு பிள்ளை இது'ன்னு. நீங்களும் கேட்டதும், பிள்ளை மாறிட்டோன்னு எனக்கே தோணிட்டு. ஆறு மாசம், குளிப்பாட்டும்போதெல்லாம் அவ மூஞ்சில என் சாடையத் தேடுனேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தப்பு நடந்தால், அந்த அம்மாவின் கட்டில் ஓரத்தில் அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்ததோடு சரியாகிவிட்டது என்று நான் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.