மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பெயர்கள்

3,846. அந்த ஹார்டுவேர் கடையில் இருக்கும் பொருள் வகைகளின் எண்ணிக்கை. ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள், குழாய் இணைப்பு என்று தரையிலிருந்து கூரைவரை இருநூற்றுப் பன்னிரண்டு மர இழுப்பறைகள். ஒன்றின்மீதும் எழுத்து கிடையாது. எது எங்கே என்பது கடைக்காரரின் மனைவிக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் அதுவே போதுமானதாக இருந்தது.

கடைத்தெருவில் யாரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத நாளிலேயே அவருக்குக் 'கம்ப்யூட்டர் அக்கா' என்று பட்டம் விழுந்துவிட்டது. கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் பொருள் மேசைமேல் இருக்கும். பில் போடுவதும் பேச்சுக் கொடுப்பதும்தான் கடைக்காரரின் வேலை. "நான் சும்மா பெயர்ப்பலகைங்க, கடை அவதான்" என்பார்.

பொருள்களுக்கு அக்கா வைத்த பெயர்தான் அங்கே செல்லும். திறந்தால் தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிடுவது மாமியார் தாழ்ப்பாள். யாரும் நைசாக வீட்டுக்குள் நுழைய முடியாது. மாட்டிய மாதமே ஒழுக ஆரம்பிப்பது அழுமூஞ்சி வாஷர். விலை மலிவு என்பதால் அதற்கும் ஆள் உண்டு. நீண்ட வால் வைத்த சின்னக் கீல், பல்லி. தச்சர்களும் குழாய்க்காரர்களும் இதே பெயர்களைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, பழகிய தச்சர் ஒருவர் வந்து பல்லி நான்கு கேட்டார். அக்கா ஏணியில் ஏறி ஓர் இழுப்பறையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்னக்கா, பல்லி ஓடிப்போச்சா?" என்று சிரித்தார் தச்சர்.

அக்காவும் சிரித்தார். ஆனால் வெறுங்கையோடுதான் இறங்கி வந்தார்.

மறதி நோய் என்றார் மருத்துவர். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது. அக்காவுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"கடைக்குப் போகலாம்ல டாக்டர்?"

"முடிஞ்சவரைக்கும் போங்கம்மா. அதுதான் நல்லது."

அந்த 'முடிஞ்சவரைக்கும்' என்ற சொல்லை நீட்டிக்க என்ன வழி என்று கடைக்காரர் அலைந்த நேரத்தில்தான் அரசு அறிவிப்பு வந்தது. சிறு கடைகள் டிஜிட்டலுக்கு மாற மானியம். கணினி, பார்கோடு கருவி, சரக்கைப் பதிய மென்பொருள். பாதித் தொகை முதலில், சோதனையில் தேறினால் மீதி. தேறாவிட்டால் கருவிகள் திரும்பப் போய்விடும்.

படிவத்தை மகள் நிரப்பினாள். 'இத்தொழில்நுட்பம் உங்களுக்கு ஏன் தேவை?' என்று ஒரு கேள்வி.

"உங்கம்மா மறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அதுல ஏத்தணும்னு எழுதும்மா."

"அதுக்கெல்லாம் மானியம் தர மாட்டாங்கப்பா." 'விற்பனையைப் பெருக்க' என்று எழுதினாள்.

கருவிகள் வந்தன. மூன்று மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அக்கா ஒவ்வோர் இழுப்பறையாக எண் ஒட்டி, திறந்து பெயர் சொல்வார். கடைக்காரர் ஒற்றை விரலால் தட்டுவார்.

"ஒரு எழுத்துக்கு ஒரு மணி நேரமா? இதுக்குள்ள நான் முழுசா மறந்துடுவேன் போல."

"வாய மூடிக்கிட்டு அடுத்ததச் சொல்லுடி."

3,846 பெயர்களும் ஏறின. பிறகு இடம் மறந்த நாள்களில் அக்கா பெயரை அடித்தார். 'பல்லி' என்றால் 'இழுப்பறை 87' என்றது திரை. ஏணி ஏறி எடுத்துவந்து மேசைமேல் வைப்பார். "இவ என்னைவிடக் கெட்டிக்காரி" என்று கணினியின் தலையில் தட்டுவார். தச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி ஓடியது.

சோதனைக்கு வந்த அதிகாரி மரியாதையான மனிதர். திரையில் பட்டியலை உருட்டினார். 'மாமியார் தாழ்ப்பாள்' வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். இன்னும் பத்து வரி போனதும் சிரிப்பு நின்றது.

"ஐயா, எல்லாமே இப்படித்தானா? தயாரிப்பாளர் பெயர், அளவு, குறியீட்டு எண்தானே வேணும். எல்லாக் கடைப் பட்டியலும் ஒரே பொதுத்தளத்துல சேருது."

"பழைய பேரையும் சேர்த்து வெச்சுக்க முடியாதுங்களா?"

"பேருக்கு ஒரே கட்டம்தான் இருக்கு. முப்பது நாள் டைம் தரேன், மாத்திடுங்க." பையை மூடப் போனவர் நிமிர்ந்து, "இந்தப் பேருங்களையே வெச்சுக்கணும்னு ஏதாவது காரணம் இருக்குதுங்களா? இருந்தா எழுதிக் கொடுங்க, மேல அனுப்பறேன்" என்றார்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான்கடி தள்ளி, அக்கா ஒருவருக்குத் திருகு எண்ணிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"இல்லைங்க, சும்மா பழக்கம்தான்" என்றார் கடைக்காரர்.

கணினி கொடுத்த நிறுவனத்திலிருந்து ஆள் வந்து ஒன்பது நாளில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். பழைய பட்டியலைத் தாளில் அச்சடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி மறுபடி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் ஏறியது.

மறுநாள் காலை தச்சர் வந்தார். "அக்கா, மாமியார் தாழ்ப்பாள் ரெண்டு குடுங்க. புது மருமக வர்ற வீடு!"

அக்கா பெயரை அடித்தார். 'அப்படி ஒரு பொருள் இல்லை' என்றது திரை. எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தார். மூன்றாம் முறையும் அடித்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"பாவங்க. இதுக்கும் மறந்து போச்சு."

அன்று மாலையே கடைக்காரர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டிக் கேட்டார். பதினோரு நாள் கேட்டார். அறுநூற்று இருபது பெயர்கள் வந்தன. அதற்கப்புறம் அக்கா ஒரு கீலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே ஒரு பேர் வெச்சிடுங்களேன்" என்றார்.

அது பல்லி.

வரும் திங்கட்கிழமை முதல் கடைக்கு ஒரு விற்பனைப் பெண் வருகிறார். குறியீட்டு எண்கள் அவருக்குத் தெரியும். அக்கா வீட்டில் இருப்பார்.