கம்பிக்காரர் மிச்சம் பிடித்த இரண்டு எழுத்து

கம்பிக்காரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதை அவர் மறைத்ததே இல்லை. யாரும் கேட்காவிட்டாலும் முதலில் அதைத்தான் சொல்லுவார்.

"அஞ்சாவதுதான் படிச்சேன். ஆனா இந்த ஆபீஸ்ல எத்தனை பட்டம் வாங்கினவனா இருந்தாலும், லைன் செத்துப்போச்சுன்னா என்னைத் தேடித்தான் ஓடி வரணும்."

குடிநீர் அலுவலகத்துக்குள் குழி தோண்டும் கூலியாக நுழைந்தவர். நகரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையம் வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர் கம்பி. அறுநூற்றுச் சொச்சம் கம்பங்கள். அவர் கை படாத கம்பம் ஒன்று கிடையாது. ரிசீவரைக் காதில் வைத்து இரைச்சலைக் கேட்டே எந்தக் கம்பத்தில் கொடி படர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும். மீதி இரண்டு தடவை, தப்பு கம்பத்துடையது.

மலை நிலையத்தில் மோட்டார் ஓட்டுபவர் அவருடைய தம்பி. நிலையத்தை ஒட்டிய இரண்டு அறை வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறார். வேலை போனால் வீடும் போகும். வேறு போக்கிடம் இல்லை.

அந்த நிலையத்தை மூடிவிடப் போவதாகப் பேச்சு வந்தது. காரணம் கம்பிதான். ஓடைத் தண்ணீரில் நிறையும் மேல் தொட்டி, ஆற்றிலிருந்து மோட்டார் நிறைக்கும் கீழ் தொட்டி, இரண்டின் நீர்மட்டமும் அந்தக் கம்பியின் இரு முனையிலும் இருக்கும் பெட்டிகள் வழியாகத்தான் நகரத்துத் திரைக்கு வரும். அது வந்து சேருவதற்குள் திரை பார்ப்பவர் கொட்டாவி விட்டு முடித்துவிடுவார். "மூணு மாசம் தர்றேன். மட்டம் மாறின ஒரு வினாடிக்குள்ள இங்க தெரியணும். இல்லேன்னா மூடிட்டு, தண்ணியை வேற பக்கமிருந்து எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார் பெரிய அதிகாரி.

கம்பிக்காரர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கம்பியில் போவதையெல்லாம் காகிதத்தில் அச்சடித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சமையலறை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். இங்கிலீஷ் வராது, எண்கள் வரும். முதல் நாளே விஷயம் பிடிபட்டுவிட்டது. நீர்மட்டம் என்பது நாலே எழுத்து. அதைச் சுமந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் நாற்பது எழுத்து விலாசம். யார் அனுப்பினது, யாருக்கு, எத்தனையாவது என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கம்பியோ வினாடிக்கு முப்பது எழுத்துக்கு மேல் இழுக்காது. முந்தின பொட்டலத்தில் இருந்ததே அடுத்ததிலும் இருந்தால் சிவப்புக் கோடு போட்டார். நாலாம் நாள் காகிதம் முழுக்கச் சிவப்பு. மிஞ்சினது ஒன்றிரண்டு எழுத்துதான்.

"கம்பியில போற பேச்சைச் சுருக்குறாராம்" என்று அவர் மனைவி அடுப்புப் பக்கமிருந்து சொன்னார். "வாயில வர்ற பேச்சைச் சுருக்க ஒரு வழி கண்டுபிடிங்களேன், குடும்பமே கும்பிடும்."

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்து இன்ஜினியரம்மாவிடம் போனார். "மாறாததை எதுக்கும்மா மறுபடி மறுபடி அனுப்பணும்? முதல்ல ஒரு தடவை முழு விலாசம். அப்புறம் எது மாறுச்சோ அது மட்டும். மிச்சத்தை அந்தப் பக்கத்துப் பெட்டி ஞாபகத்துல வச்சிக்கட்டும்."

அந்த அம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, நிஜமாகவே வியந்தார். "ஐயா, இதை நீங்களாவா பார்த்தீங்க? வெளியில இதை ரொம்ப காலத்துக்கு முன்னாடியே செஞ்சுட்டாங்க. நம்ம பெட்டிகள்லதான் யாரும் போடல. நான் எழுதிடறேன்."

தனக்கு முன்னாலேயே எவனோ யோசித்துவிட்டான். அன்று வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை. காய்ச்சலோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் இரண்டு முனையிலும் புது நிரல் ஏறியது. நாற்பது எழுத்து ஐந்தாயிற்று. எந்தத் தொட்டி பேசுகிறது என்பதைக்கூட, ஆள் மாறும்போது ஒரு தடவை சொன்னால் போதும். அடுத்து ஆள் மாறும்வரை வருவதெல்லாம் அதே தொட்டியின் கணக்கில் சேரும். ஐந்தில் இரண்டு எழுத்து சரிபார்ப்புக்கு. வந்தது சிதையாமல் வந்ததா, நடுவில் ஒன்று விட்டுப்போயிற்றா என்று அதை வைத்துத்தான் தெரியும். தப்பு என்று தெரிந்தால் இந்தப் பக்கத்துப் பெட்டி எதையும் நம்பாது. முழு விலாசம் மறுபடி வரும்வரை திரையைக் கறுப்பாக்கிவிடும்.

மட்டம் இப்போது அரை வினாடிக்குள் வந்தது. அதிகாரி தலையாட்டினார். மலையிலிருந்து தம்பி போன் பண்ணினார்.

"அண்ணே, பெரியவளை இங்கயே அடுத்த வகுப்பு சேர்த்துட்டேன். வேற ஊர்ல பள்ளிக்கூடம் தேடிட்டிருந்தோம்ல, விட்டாச்சு."

"உங்க அண்ணன் இருக்கும்போது நீ எதுக்குடா தேடினே?"

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் டீ குடிக்கிற இடத்தில் எல்லாரும் "இன்ஜினியரம்மா சாதிச்சுட்டாங்க" என்றே பேசினார்கள். சிவப்புப் பென்சிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த அம்மா மாற்றலாகிப் போன பிறகும் அதே பேச்சு. கம்பிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பார்வை அந்த இரண்டு சரிபார்ப்பு எழுத்தின்மேல் விழுந்தது. நினைக்க நினைக்க அது அவமானமாகப் பட்டது. அவர் நட்ட கம்பம், அவர் இழுத்த கம்பி; அதைச் சந்தேகப்பட ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இரண்டு எழுத்தா?

அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே நிரலைத் திறக்கக் கற்றிருந்தார். ஒரு திங்கட்கிழமை இந்தப் பெட்டியில் அந்த இரண்டையும் எடுத்தார். செவ்வாய்க்கிழமை மலைக்குப் போய் அந்தப் பெட்டியிலும் எடுத்தார். ஐந்து மூன்றாயிற்று.

தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சே போதும்னுதானே அண்ணே சொன்னாங்க?"

"போதும்னு நினைக்கிறவன் குழி தோண்டிட்டே செத்திருப்பான்டா. உலகத்துல அஞ்சு. உங்க அண்ணன் கம்பியில மூணு. எழுதி வச்சுக்கோ."

ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. மூன்று எழுத்தைப் பற்றி அவர் சொல்லாத ஆள் இல்லை. முடிவெட்டுபவருக்குக்கூடத் தெரியும்.

பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் பகலில், மேல் தொட்டிக்கு நீர் வரும் வாயில் இலைகுப்பை அடைத்துக்கொண்டு மட்டம் இறங்க ஆரம்பித்தது. தம்பி கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு குப்பையை அள்ள மேலே ஏறினார். அரைமணி நேர ஏற்றம். கீழ் தொட்டி விளிம்புவரை நிறைந்து, அசையாமல் கிடந்தது.

மட்டம் இறங்குவதைச் சொல்ல மேல் தொட்டி பேச ஆரம்பித்தது. 'இனிமேல் பேசுவது மேல் தொட்டி' என்று சொன்ன அந்த ஒரு பொட்டலம், நனைந்த கம்பியில் எங்கேயோ சிதைந்துபோயிற்று. அடுத்து வந்தவை நல்லபடியாக வந்தன. ஒன்று விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க இந்த முனையில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் கடைசியாகப் பேசியது கீழ் தொட்டி. எல்லாம் அதன் கணக்கில் சேர்ந்தது.

திரையில் கீழ் தொட்டி மளமளவென்று இறங்கியது. திரை பார்ப்பவர் விதிப்படி, அங்கிருந்தே மோட்டாரைப் போடும் பொத்தானை அழுத்தினார். மலையில் மோட்டார் ஓடத் தொடங்கி, ஏற்கெனவே நிறைந்திருந்த கீழ் தொட்டிக்கு மேலும் தண்ணீர் ஏற்றியது. தம்பி இறங்கி வந்தபோது மோட்டார் அறைக்குள் இடுப்பளவு வெள்ளம். இரண்டு மோட்டாரும் கருகிய வாடை. வீட்டுக்குள்ளும் தண்ணீர், பிள்ளைகள் கட்டில்மேல் ஏறி நின்றிருந்தார்கள்.

விசாரணை மூன்றே நாளில் வந்தது. பெரிய அதிகாரி கோப்பைத் தட்டினார். "ஆள் மோட்டார் அறையில இல்ல. அவ்வளவுதானே?"

"மேல அடைப்பு எடுக்கப் போனேன் சார்" என்றார் தம்பி. அண்ணன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கம்பிக்காரர் எழுந்தார். "அவன்மேல எழுதாதீங்க சார். சரிபார்க்குற ரெண்டு எழுத்தை நான்தான் எடுத்தேன். அது இருந்திருந்தா திரை கறுத்திருக்கும். கறுத்திருந்தா போன் போட்டுக் கேட்டிருப்பாங்க. மோட்டார் போட்டிருக்க மாட்டாங்க."

"ஏன் எடுத்தீங்க? அரை வினாடியிலதான் வந்துட்டிருந்துச்சே?"

"என் கம்பி தப்பு பண்ணாதுன்னு நினைச்சேன் சார்."

"பண்ணுச்சா?"

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. "பண்ணுச்சு."

அதிகாரி எழுதிக்கொண்டார். தம்பியின்மேல் எதுவும் எழுதவில்லை. எழுதாததால் எதுவும் மாறவும் இல்லை. "மோட்டார் ரெண்டும் போச்சு. மூட இருந்த நிலையத்துக்குப் புது மோட்டாரா கேட்க முடியும்?" என்று கோப்பை மூடினார்.

வீடு காலி செய்கிற நாளில் கம்பிக்காரர் மலைக்குப் போனார். தம்பி மனைவி ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரியவள் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"என் வீட்டுக்கு வந்துடேன்டா. மாடி அறை சும்மாதானே கிடக்கு."

"வேணாண்ணே."

"கோபமா திட்டவாவது செய்."

தம்பி வண்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "என்னத்தை திட்ட? அஞ்சே போதும்னு அன்னைக்கே சொன்னேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலண்ணே."

வண்டி போன பிறகு கம்பிக்காரர் பெட்டியைத் திறந்து, எடுத்த இரண்டு எழுத்தையும் திரும்பப் போட்டார். மறுநாள் நகரத்திலும் போட்டார். அடுத்த வாரம் கம்பியை அறுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அறுக்க வேண்டியவரும் அவர்தான்.

"இனிமே எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டார் திரை பார்ப்பவர்.

கம்பிக்காரர் திரையைப் பார்த்தார். வடித்துவிட்ட தொட்டிகள் இரண்டும் அரை வினாடிக்குள் வந்து சேர்ந்தன. மேல் தொட்டி, பூஜ்யம். கீழ் தொட்டி, பூஜ்யம். அதனதன் வரிசையில், ஒரு பிசகும் இல்லாமல்.