எழுபத்திரண்டு படிக்கு மேலே ஒரு வீடு விற்பனைக்கு

தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வீடு விற்பது கல்யாணத் தரகை விடக் கஷ்டமான தொழில். தரகருக்காவது இரண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைக்கும். எனக்குக் கிடைத்தது காதோரம் போன் சூடு மட்டும்தான். உங்களில் பலருக்கும் ஓர் ஊரில் வீடு, வேறோர் ஊரில் வாழ்க்கை என்று இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

நான் திருகோணமலையில் பதினான்கு வருடமாக ஆசிரியை. அப்பா ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நோர்வூட் டவுனுக்கு மேலே, தோட்ட எல்லைக்கு வெளியே, உறுதிப் பத்திரத்தோடு ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அது பூட்டிக் கிடந்தது. இங்கே நாங்கள் கட்டத் தொடங்கிய வீடோ சுவரோடு நின்றது. நோர்வூட் வீடு விலைபோனால்தான் இதற்குக் கூரை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர், ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், அதற்குமுன் வீடு வேண்டும் என்று தை மாதமே சொல்லிவிட்டார். ஆவணிக்குள் விற்காவிட்டால் சட்டி பானையோடு கூரையில்லாத சுவர்களுக்கு நடுவில் குடியிருக்க வேண்டியதுதான்.

வீட்டுச் சாவி ராசம்மா அக்காவிடம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை அறைகளில் ஒன்றில், இருப்பவர், கொழுந்து எடுப்பவர். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஜன்னல்களைத் திறந்து, வீட்டைக் கூட்டி, சாமி படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுப் போவார். "ஆள் வந்தா வீட்டக் காட்டுங்க அக்கா. வெல கேட்டா மட்டும் என்கிட்ட அனுப்பிடுங்க" என்று சொல்லி வைத்தேன். விளம்பரத்திலும் விலையைப் போடவில்லை. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன்.

அஞ்சு நிமிஷம்

விளம்பரத்தில் "நோர்வூட் டவுனிலிருந்து ஐந்து நிமிட நடை" என்று எழுதினேன். பொய் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஐந்து நிமிடம்தான். ராசம்மா அக்காவைக் கேட்டேன், அவரும் யோசிக்காமல் அஞ்சு நிமிஷம் என்றார். ரோட்டிலிருந்து வீட்டுக்கு எழுபத்திரண்டு படி இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் ஞாபகமே வரவில்லை. மலையில் பிறந்தவர்களுக்குப் படி என்பது தனிக்கணக்கு இல்லை, அதுவும் வழிதான்.

முதலில் வந்தவர் கொழும்பில் துணிக்கடை வைத்திருப்பவர். நல்ல உடம்பு. நாற்பதாவது படியில் உட்கார்ந்து எனக்குப் போன் எடுத்தார். மூச்சு வாங்குவது திருகோணமலை வரை கேட்டது. ராசம்மா அக்கா மேலேயிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அதைக் குடித்து முடித்துவிட்டு அவர் நிதானமாகக் கேட்டார்: "டீச்சர், இது யாரோட அஞ்சு நிமிஷம்?"

வெள்ளை வீடு

அடுத்து, போட்டோ இல்லாமல் யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். ஞாயிறு வரை பொறுக்காமல் ராசம்மா அக்காவிடம் எட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவருக்கு வேலை முடிவது நாலரை மணிக்கு. மலையில் அந்த நேரத்துக்கு யார் வருகிறார்களோ இல்லையோ, பனிமூட்டம் வந்துவிடும். அவர் பாவம், வேலை முடிந்து ஓடிவந்து எடுத்து, வீட்டுக்குப் பின்னால் தண்ணித் தொட்டி மேல் ஏறி நின்று அனுப்பினார். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது தொட்டியின் மேல் மட்டும்தான்.

எட்டுப் படமும் வெள்ளையாக வந்தன. ஒன்றில் மட்டும் கதவின் கைப்பிடி மாதிரி ஏதோ தெரிந்தது. இருப்பதைப் போடுவோம் என்று அவற்றையே விளம்பரத்தில் போட்டேன். அன்று மாலை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா பேசினார். குரலில் கோபம் இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது: "பிள்ளை, வீட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்கிறீங்களா, இல்லாட்டி வீடே இல்லையா?"

தண்ணி வசதி

கனடாவிலிருந்து ஒரு தம்பதி. அந்த அய்யாவுக்கு நோர்வூட்டுக்குப் பக்கத்து டிக்கோயாதான் சொந்த ஊர், ஓய்வுக் காலத்தில் வந்து இருக்க ஆசை. வீடியோவில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ராசம்மா அக்காவின் மகள் கௌரியின் நல்ல போனை வாங்கி, தொட்டியிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே காட்டினார்கள். நானும் அதே அழைப்பில் இருந்தேன், எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அந்த அய்யா, தண்ணீர் எப்படி என்று கேட்டார். ராசம்மா அக்கா, "வெயில் காலத்துல குழாயில வராதுங்க. மழ காலத்துல கூரையில வரும்" என்றார். அத்தோடு நிற்காமல், எந்தெந்த இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்று மூலை மூலையாகக் காட்டவும் செய்தார்.

அவர்கள் நன்றி சொல்லிப் போனை வைத்தார்கள். பிறகு பேசவே இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்காவைக் கூப்பிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதாதா என்று கொஞ்சம் கடிந்தே சொன்னேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை: "பொய் சொல்லிக் குடுத்தா, நாளைக்கி அவங்க வழியில பாத்துக் கேக்கப் போறது என்னத்தானே டீச்சர்."

தபால்காரர் கேட்ட கேள்வி

இதற்கு நடுவில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்கு வீட்டு நம்பர் கிடையாது. எல்லாருக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயர். கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, ஆபீசிலிருந்து யாராவது அந்தப் பக்கம் போகும்போது லயத்துக்குப் போகும், சில நேரம் போகாது. கௌரிக்கு வந்த முதல் இன்டர்வியூ கடிதம், இன்டர்வியூ முடிந்து நாலு நாள் கழித்துத்தான் கைக்குக் கிடைத்தது. அன்று ராசம்மா அக்கா என் அப்பாவிடம் வந்து நின்றார். முப்பது வருடம் ஆபீஸ் ஜன்னல் வழியாக ஊராரின் கடிதங்களைப் பேர் கூப்பிட்டுக் கொடுத்த மனிதர் அப்பா. இனிமேல் எங்கள் வீட்டு விலாசத்தையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த விலாசத்துக்கு வந்த கடிதத்தில்தான் கௌரி ஆசிரியர் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் அக்கா தொட்டி மேல் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது தபால்காரர் படியேறி வந்தார். வழக்கம்போல் கௌரிக்குத்தான் கடிதம். வீட்டை விற்கப்போகும் கதை தெரிந்தவர், அக்காவிடம் போனை வாங்கி என்னிடமே கேட்டுவிட்டார். புது ஆளிடம் சொல்லி வைக்கலாம் அண்ணே என்று நான் ஏதோ சமாளித்தேன். அந்தப் பதிலின் லட்சணம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் கேட்டது இது: "நீங்க வித்துட்டுப் போயிருவீங்க, அந்தப் புள்ளயோட காயிதத்த நான் இனி எங்க கொண்டு போய் குடுக்குறது?"

சீசன் முதலாளி

மாசி மாதம் கம்பஹாவிலிருந்து ஒரு முதலாளி வந்தார். மலை ஏற நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரைக் கூட்டத்துக்கு வீட்டை லொட்ஜ் ஆக்குவது அவர் திட்டம். அவர் வந்தது ஒரு போயா நாள், பௌர்ணமி. நோர்வூட் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், வெள்ளை உடுப்புச் சனம், கடலை வண்டி. மனிதருக்குக் கண் விரிந்துவிட்டது. கூரை ஒழுக்கு, படி, தண்ணீர் என்று ராசம்மா அக்கா ஒப்பித்த எதுவும் அவர் காதில் ஏறவில்லை. இந்த வீடு எனக்குத்தான், வைகாசியில் காசோடு வருகிறேன், வேறு யாருக்கும் காட்டவேண்டாம் என்றார். நானும் விளம்பரத்தை எடுத்துவிட்டு, இங்கே கூரைத் தகட்டுக்கு விலை விசாரிக்கத் தொடங்கினேன்.

சொன்னபடி வந்தார், வெசாக் பண்டிகை முடிந்து இரண்டு வாரம் கழித்து. யாத்திரை சீசன் முடிந்த ரோட்டில் மழையும் இரண்டு ஆடும் மட்டும் நின்றன. ஒரு வருடத்தில் பாதி இப்படித்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததால் சொல்லவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "டீச்சர், அந்தச் சனம் எல்லாம் எங்கே?"

வீட்டுக்காரர்

எங்கள் வாடகை வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஒரு தடவை கூடக் குரல் உயர்த்தியதில்லை. ஆனி மாதம் கல்யாணக் கார்டின் மாதிரியைக் காட்ட வந்தார். பார்த்து வாழ்த்தினேன். தேத்தண்ணி குடித்தார். சுவரைப் பார்த்தார், எந்த நிறம் அடிக்கலாம் என்று மனதுக்குள் பார்க்கிறார் என்று புரிந்தது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அவசரமில்லை தங்கச்சி, ஆவணி மாசம்தான் அவசரப்படுது."

யாரும் கேட்காத ஆள்

ஆடி பிறந்ததும் லீவு போட்டுவிட்டு நோர்வூட்டுக்குப் பஸ் ஏறினேன். ஹட்டன் புரோக்கர் ஒருவர், குறைந்த விலைக்கு என்றால் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். வேறு வழி தெரியவில்லை. எழுபத்திரண்டு படியும் ஏறியபோது எனக்கே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. வீடு திறந்து, கூட்டி, விளக்கு வைத்திருந்தது. ராசம்மா அக்கா சித்திரையோடு தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் வேறு யாரும் தோட்டத்து வேலையில் இல்லை, தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை எப்போது திருப்பிக் கேட்பார்களோ என்று கௌரி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் உச்சுக் கொட்டினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு மாதமாகக் கொழும்பிலும் கம்பஹாவிலும் கனடாவிலும் ஆள் தேடியவள் நான்.

புரோக்கர் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அக்கா பால் இல்லாத பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்கு என்ன விலை சொல்லியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கௌரி, "அந்த வெலன்னா எங்களுக்கு முடியும் டீச்சர். அம்மா ஓய்வு எடுத்தப்ப கெடச்ச சேமலாப நிதிக் காசு இருக்கு. மிச்சத்துக்கு எனக்கு பேங்க்ல தருவாங்க" என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் கணக்கெல்லாம் எப்போதோ போட்டு முடித்த குரல் அது.

எனக்கு முகம் சுட்டது. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. வீட்டின் ஒவ்வொரு ஒழுக்கும் தெரிந்த ஆள், படியை எண்ணாத ஆள், ஆறு வருடமாகச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்த ஆள். பெரிய கிளாக்கர் மகளுக்கு அந்த ஆள் வீட்டைக் காட்டுகிறவராகத்தான் தெரிந்தாரே ஒழிய, வாங்குகிறவராக ஒரு நாளும் தெரியவில்லை. இத்தனை நாளாக ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன், குற்றம் அவர்மேல் இருப்பது மாதிரி. அக்கா பிளேன்டீயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "வெல கேக்குறவங்கள ஒங்ககிட்ட அனுப்பச் சொன்னீங்க டீச்சர். நானும் கேக்கலாம்னு சொல்லலியே."

பேர் போட்ட கடிதம்

புரோக்கரைப் படியேற விடாமல் ரோட்டிலேயே திருப்பி அனுப்பினோம். உறுதி எழுதி முடிந்தது ஆடிக் கடைசியில். திருகோணமலையில் கூரை ஏறியது. சமைக்கும் குசினிக்கு இன்னும் சீமெந்து பூசவில்லை, ஆனாலும் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். கல்யாணச் சாப்பாடு பிரமாதம். தரகருக்குக் கிடைக்கும் சாப்பாடு கடைசியில் எனக்கும் கிடைத்தது.

புரட்டாதியில், போனில் சொல்லியிருக்கக் கூடிய நாலு விஷயத்தைக் காகிதத்தில் எழுதி, ராசம்மா அக்கா பேரையும் அந்த வீட்டு விலாசத்தையும் கவரில் தெளிவாக எழுதித் தபாலில் போட்டேன். பின் அறைக் கதவை எப்படித் தூக்கிச் சாத்த வேண்டும், எந்தத் தகட்டை முதலில் மாற்ற வேண்டும் என்ற மாதிரி விஷயங்கள். ஐந்தாம் நாள் தொட்டி மேலிருந்து போன் வந்தது. அவர் பேருக்கென்று ஒரு விலாசத்துக்கு வந்த முதல் கடிதம் அதுதானாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று இன்னும் பார்க்கவில்லையாம். வீட்டில் இருக்கும் குறைகளைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அதெல்லாம் தனக்கே தெரியும் என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "தபால்காரரு வாசல்ல நின்னு என் பேரச் சத்தமாப் படிச்சாரு டீச்சர், ஒருக்கா பத்தாதுன்னு இன்னொருக்காவும் படிக்கச் சொன்னேன்."

ஆகவே, தூரத்திலிருந்து வீடு விற்கத் தவிக்கும் என் கூட்டத்தாரே, உலகம் பூராவும் விளம்பரம் போடுவதற்குமுன் சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் ஆறு மாத போன் சார்ஜ் மிச்சம்.