முட்டைக்கல்லில் சுட்ட அடை

எங்கள் வீட்டில் இரண்டு தோசைக்கல் உண்டு. ஒன்று தோசைக்கும் அடைக்கும். மற்றது அண்ணனுக்கு முட்டை பொரிக்க மட்டும். கோமதியம்மன் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் அம்மா முட்டைக்கல்லைச் சாக்கில் சுற்றிப் புறவாசல் கூரை இடுக்கில் செருகிவிடுவாள். தபசு முடிகிற வரை அதைக் கையால் தொடக்கூடாது.

அண்ணனுக்குக் கல்யாணமாகி அது நாலாவது ஆடி. எழுபதுகளின் கடைசி. மதினிக்கு இன்னும் பிள்ளை இல்லை. "கோமதியாத்தா இந்தத் தபசுக்காவது கண்ணத் தொறக்கணும்" என்று பன்னிரண்டு நாளும் ஒருபொழுது இருக்கத் தொடங்கினாள். சோறு கிடையாது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஏதாவது பலகாரம், அவ்வளவுதான். பிறந்த ஊரான கரிவலம்வந்தநல்லூரில் வயலில் இறங்கி வேலை பார்த்த உடம்பு. இரண்டே நாளில் கண் உள்ளே போய்விட்டது. நான் வைத்த இட்லியைப் பிட்டுப் பிட்டு ஒதுக்கிவிட்டு, "எறங்க மாட்டேங்குதுட்டி" என்றாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சமையலில் பெரிய கைக்காரி என்று நினைப்பு வேறு. மதினிக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். மூன்றாம் நாள் நாலு கிழங்கைத் தோல் சீவித் துருவி, துணியில் கட்டிப் பிழிந்தேன். பிழிந்த தண்ணீரைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அதையும் வழித்துப் போட்டு, இரண்டு கை அரிசி மாவு, மிளகுத்தூள், கருவேப்பிலை, உப்பு. விரதம் என்பதால் வெங்காயம் சேர்க்கவில்லை. அதிலெல்லாம் நான் ரொம்பச் சுத்தம்!

அந்த வருஷம் அடைக்கல் விரிசல் விட்டு, அம்மா புதுக்கல் வாங்கியிருந்தாள். அது இன்னும் பழகவில்லை. முதல் அடை ஒட்டிக்கொண்டு பிய்ந்து கந்தலாக வந்தது. இரண்டாவது கருகியது. அம்மா சாமி புறப்பாடு பார்க்கக் கோவிலுக்குப் போயிருந்தாள். மதினி விளக்கின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பசியில் அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். நிஜத்தில், அடை பிய்ந்துபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புறவாசலுக்குப் போய்ச் சாக்கை உருவி முட்டைக்கல்லை எடுத்துவிட்டேன். புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடை எப்படி வந்தது என்கிறீர்கள்! ஓரமெல்லாம் பொன்னாகச் சிவந்து, திருப்பியைக் கொடுத்ததும் முழுசாகக் கழன்றது. மதினி ஒரு விள்ளல் வாயில் போட்டாள். "ஆத்தாடி! என்னட்டி இது, அப்பளம் மாதிரி நொறுங்குது!" என்று நாலு அடை தின்றாள். மறுநாளும் அதையே கேட்டாள். இனி புதுக்கல்லில் சுட்டால் பிய்யும். ஏன் என்று கேட்பாள். தபசு அன்று வரை தினமும் அம்மா வாசல் தாண்டியதும் கல் கீழே இறங்கும், அவள் திரும்புவதற்குள் மேலே ஏறிவிடும்.

அந்த மாதம் மதினிக்கு நாள் தள்ளிப்போனது. பத்து நாள், பதினைந்து நாள். அண்ணன் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தான். இருபதாவது நாள் காலையில் மதினி புறவாசலில் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா பொரிந்து தள்ளினாள். "வெரதத்துல எங்கனயோ கொற வச்சிருக்க. இல்லன்னா ஆத்தா இப்படிக் கைய விரிப்பாளா?"

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அம்மா கையில் விளக்குமாற்று அடி வாங்கியிருப்பேன், அவ்வளவுதானே. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதினிதான் பேசினாள். "ஆமா அத்த, கொற எம்மேலதான். ஆத்தா ஒத்தக்கால்ல தவம் நின்னா. நான் நாக்கு ருசிக்கு மொறுமொறுன்னு கேட்டுக் கேட்டுத் தின்னேன். அப்பொறம் எப்படிக் குடுப்பா?"

ஒரு கல்லுக்காகக் கோமதி பிள்ளையைத் தடுப்பாள் என்று இன்று நான் நம்பவில்லை. அன்று நம்பினேன். முழுசாக நம்பிக்கொண்டேதான் வாயை மூடியிருந்தேன்.

தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்றே மதினி மறுபடி விரதம் எடுத்தாள். இந்தத் தடவை நாற்பத்தெட்டு நாள். ஒரு வேளை கஞ்சி, உப்பில்லாமல். "நாக்க அடக்குதேன் பாரு" என்றாள். காய்ச்சிக் கொடுத்தது நான்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கஞ்சியை விழுங்குவதைப் பார்க்கமுடியாமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கும்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ எதுக்குட்டி அழுவுத? கூடப் பொறந்தவகூட எனக்கு இம்புட்டுச் செய்யமாட்டா. நாந்தான் பாவி. என்னால ஒனக்கும் செரமம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கஞ்சி ஆறிரும், குடிங்க மதினி" என்றேன்.