ஒரு நாள் விட்டு ஒரு நாள்

மலைமேல் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நான் நர்ஸாக வந்து பல வருஷமாகிறது. பிரசவம், பாம்புக்கடி, வாந்திபேதி, குடித்துவிட்டு விழுந்து உடைந்த மண்டை, எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் இங்கேதான் வர வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் படுத்துக்கொள்வதும் எங்கள் வராந்தாவில்தான். இதைச் சேவை என்று யாராவது மைக்கில் பேசினால் எனக்குக் கொட்டாவி வரும். சாயங்காலமானால் கால் வலிக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் கரியாலூர்ப் பக்கத்து ஊர்க்காரி. முப்பது வயதிருக்கும். கச்சிராயபாளையத்துக்குக் கரும்பு வெட்டப் போய் இருமலோடு திரும்பியவள். சளியைப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம், ஒரு நாள் விடாமல், வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை. வாரா வாரம் காலி அட்டையைக் காட்டினால்தான் அடுத்ததைக் கொடுப்பேன். அவள் காலி அட்டையைக் கொண்டுவராத வாரமே இல்லை.

இரண்டு மாதம் கழித்தும் எடை ஏறவில்லை. சளியில் கிருமி அப்படியே இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இன்னாம்மா, மாத்திரய முழுங்குறியா, குப்பையில போடுறியா?"

"முழுங்குறேங்க நர்ஸம்மா. சத்தியமா."

"தெனமுமா?"

முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு, "ஒருநா நானு, ஒருநா ஓரகத்திங்க," என்றாள்.

கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே கூலி வேலை, அவளுக்கும் அதே இருமல்.

"பக்கத்துல அவ இருமிக்கினே கெடக்கிறா. ஒரே சட்டியில ஆக்கித் துன்னுக்கினு, மருந்த மட்டும் நான் எப்டிங்க தனியா துன்றது?"

பங்கு போட இது என்ன கூழா என்று கத்தினேன். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் இரண்டு பேர் உயிருக்கும் ஆபத்து என்றேன். ஊசி போட்டுக்கொள்ள நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. நாளைக்கே ஓரகத்தியை அழைத்து வரச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஓரகத்தி இன்னும் சின்னவள். தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எடை மிஷினில் ஏற்றினேன், முப்பத்தொன்று. முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"இருமல் வந்தா ஆஸ்பத்திரிக்கு வரணும்னு தெரியாதா ஒனக்கு?"

"வந்தேங்க. மூணு வாட்டி வந்தேன். சளி பாக்குறவரு இல்ல, அடுத்த வாரம் வான்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"நீங்கதாங்க."

சொல்லியிருப்பேன். லேப் டெக்னீஷியன் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளில் வருகிறவர்களுக்கு ஒரு டப்பாவைக் கொடுத்து, சளியை வாங்கிச் சீட்டு எழுதி, கள்ளக்குறிச்சிக்குப் போகும் வண்டியில் அனுப்பலாம். பத்து நிமிஷ வேலை. மூன்று முறையும் எனக்கு அந்தப் பத்து நிமிஷம் அலுப்பாக இருந்திருக்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஜீப்பில் இடிபட்டு வந்தவளை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நேற்று போட்ட சத்தத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

இருவருக்கும் டப்பாவைக் கொடுத்தேன். சீட்டு எழுதினேன். சில நாளில் முடிவு வந்தது. சின்னவளுக்கும் அதே நோய். பெரியவளுக்கு இனி இந்த மாத்திரை கேட்காது, கள்ளக்குறிச்சியில் சேர்த்து வேறு மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும், பிழைப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பெரியவளின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. நீங்க பாக்குற வரைக்கும் அவ தாங்கணுமேன்னுதான் குடுத்தேன்."