எடை சொல்லாத வீடு

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிவைத்த கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. மாதம் ஒரு புதன்கிழமை அங்கே தராசோடு போவேன். பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு எங்களுடையது. துணிப்பையில் குழந்தையை உட்காரவைத்து, கொக்கியில் மாட்டி, முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதையும் ஒழுங்காகச் செய்யாதவள் நான்.

மூன்றாவது வீட்டுப் பெண் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷனுக்குக் கட்டட வேலை. அவளுக்குக் கிடங்கில் சுக்கு தரம்பிரிக்கும் வேலை. பிள்ளை பெற்ற மறு மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். முதலில் என்னை மலையாளத்தில் 'சேச்சி' என்றாள். தமிழில் பதில் சொன்னதும் அக்கா ஆனேன். தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுத் தமிழைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னக்கா, பேசறீங்களா பாடறீங்களா?" என்றாள்.

முதல் நாள் எடையைச் சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"வாய்விட்டுச் சொல்லாதீங்கக்கா, கண்ணு பட்டுரும். எழுதி மட்டும் வச்சுக்குங்க."

அந்தச் சந்தில் பல அம்மாக்கள் அப்படித்தான். நான் அட்டையில் எழுதி மடித்துக் கொடுப்பேன். அவள் பிரித்துப் பார்க்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரிப்பேன். ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவள் என்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாலாம் மாதம், மூன்றாம் மாதம் நின்ற இடத்திலேயே முள் நின்றது. எழுதினேன், மடித்தேன், சிரித்தேன். ஐந்தாம் மாதமும் அதே இடம். எடை ஏறவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று எண்ணைச் சொல்லாமலே சொல்லியிருக்கலாமே! சந்து முனையில் ஒரு நிமிடம் நின்றேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று படகுத்துறைக்கு நடந்துவிட்டேன். படித்த முட்டாளைப் பார்க்க வேண்டுமென்றால் வேறெங்கும் போக வேண்டாம்.

ஆறாம் மாதம் போனபோது கதவில் பூட்டு.

"திடுதிப்புன்னு ஊருக்குக் கிளம்பிட்டா. என்ன ஏதுன்னு சொல்லல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. புருஷனின் கைபேசி அணைந்து கிடந்தது.

இடப்பள்ளியில் எங்கள் அலுவலகத்தில், இப்படிப் போனவர்களுக்கு என்றே படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: தொடர்பு விட்டுப்போனது. அதில் ஒரு கோடு போட்டால் குழந்தை கணக்கிலிருந்து போய்விடும். "விட்டுகள மோளே", விட்டுத்தள்ளு மகளே, என்றார் மேலதிகாரி. நான் கோடு போடவில்லை.

அந்தக் குழந்தையின் தலையில் சுக்கு வாசனை அடிக்கும். அம்மாவின் கையிலிருந்து ஒட்டிக்கொண்டது. புதன்கிழமைகளில் கிடங்குப் பக்கம் திரும்பும்போதே அந்த வாசனை வந்துவிடும். படகில் எந்தக் குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்ப்பேன். என் குழந்தையா என்ன? இல்லை. ஆனாலும் ஏங்கினேன். உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும் என்று இருந்தது.

பத்தாம் மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

"அக்கா, நான்தான். அட்டையில உங்க நம்பர் இருந்துச்சு."

"பாப்பா?"

"செவுத்தப் புடிச்சு நிக்கறா."

அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம் முள் நகராததை, நான் மறைத்ததை, எல்லாம் கொட்டினேன். அவள் குறுக்கிட்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா. அந்த ரெண்டு மாசமும் நீங்க சிரிச்ச சிரிப்பு சரியில்ல. அதான் வேலைய விட்டுட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். இங்க டாக்டர்கிட்ட காட்டி, கூடவே இருந்து பால் குடுத்துப் பாத்துக்கறேன்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "இப்ப எடை எவ்வளவு?" என்றேன்.

"அய்யோ, அத எப்படிக்கா வாயால சொல்றது?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்ச நேரம் தூக்கி வச்சிருந்தா இடுப்பு கடுக்குது. போதுமா?"

போதும் என்றேன். திரும்பி வருவாயா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்க்கா" என்றாள்.

இப்போதும் நான் எந்த அம்மாவிடமும் எண்ணைச் சொல்வதில்லை. ஆனால் ஏறவில்லை என்றால் ஏறவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தையின் பத்தாம் மாதக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, இடுப்பு கடுப்பதை எழுத அதில் இடமில்லை. மூன்றாவது வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆசைதான். தராசு வேண்டாம். ஒரு தடவை அந்தப் பாப்பாவை என் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கடுக்கும்வரை நிற்க வேண்டும்.