இரண்டாவது கயிறு

இருபத்தாறு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் லிஃப்ட்டம்மா என்ற பெயர் அவரை விடவில்லை. இப்போது அவர் கூட்டிவருவது ஒரு நாயை. அதன் பெயர் குண்டு. பெயருக்குக் குறை வைக்காத உடம்பு. குழந்தைகள் அவசரப் பிரிவில், ஊசியைக் கண்டதும் ஊரைக் கூட்டுகிற பிள்ளைகளின் மடியில் தலையை வைத்துப் படுப்பதுதான் அதற்கு வேலை. பெரிய டாக்டர்கள் அரைமணி நேரம் கெஞ்சியும் நடக்காதது அதில் நடந்துவிடும்.

கழுத்துப் பட்டையில் இரண்டு கயிறு. ஒன்று லிஃப்ட்டம்மா கையில். இன்னொன்றைக் குழந்தையிடம் கொடுத்து, "நீதான் இவனைப் பிடிச்சுக்கணும். விட்டா ஓடிடுவான்" என்பார். ஓடுவதாவது, அந்த உடம்பை எழுப்பவே ஆள் வேண்டும். ஆனாலும் பொறுப்பு கைக்கு வந்ததும் பிள்ளைகள் அழுகையை மறந்துவிடும். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நீ வர்ற வரைக்கும் நாங்க இங்கயேதான் இருப்போம்" என்பார். எல்லாப் பிள்ளைக்கும் அதே பேச்சுதான். மயக்கம் தெளிந்து வேறு மாடிக்குப் போகிற பிள்ளை இதையா ஞாபகம் வைத்திருக்கும் என்பது அவர் எண்ணம்.

போன மாதம் ஆறாம் படுக்கைக்கு, வண்டி மோதிய ஒரு சிறுமி வந்தாள். கயிற்றை விட மாட்டேன் என்றாள்.

"நிஜமா இருப்பீங்களா?"

"இருப்பேன்டா கண்ணு."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. மாலையானதும் லிஃப்ட்டம்மா வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சிறுமி ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோனாள்.

அடுத்த வாரம் காலியாக இருந்த ஆறாம் படுக்கையருகே குண்டு போய் உட்கார்ந்தது. கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயசாகித் தொலைத்துவிட்டது என்று முதலில் திட்டினார். பிறகுதான் பார்த்தார். தரையில் கிடக்க வேண்டிய இரண்டாவது கயிறு, படுக்கை உயரத்துக்கு விறைப்பாக நீண்டு நின்றது. அந்த முனையில் யாரும் இல்லை. எங்காவது மாட்டியிருக்கும் என்று கையை விட்டுத் துழாவினார். எதிலும் மாட்டவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

தினமும் இதே கூத்து. ஒருநாள் காலை பெரிய சிஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க லிஃப்ட்டம்மா. சொன்ன பேச்சு கேக்காத நாயை வார்டுல விட முடியாது. இன்னைக்கும் இப்படியே இருந்தா, நாளையிலருந்து கூட்டிட்டு வர வேணாம்."

புருஷன் போன பிறகு அந்த வார்டு ஒன்றுதான் அவரைக் காலையில் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் போனால் என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மத்தியானம் மூன்றாம் படுக்கைக்கு நெற்றி கிழிந்து ஒரு பையன் வந்தான். தையல் போட வேண்டும். மூன்று பேர் பிடித்தும் அடங்கவில்லை. குண்டுவோ ஆறாம் படுக்கையை விட்டு அசையவில்லை. கயிறு விறைப்பாகவே நின்றது. பெரிய சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்டம்மா அந்தக் காலிப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். பொய் சொன்னது நான்தான், இவன் இல்ல. அந்தப் பையன் அழறான் பாரு. இவனை விட்டுடுடா கண்ணு. நான் இருக்கேன்."

கயிறு தொப்பென்று தரையில் விழுந்தது. குண்டு எழுந்து சோம்பல் முறித்து, நேரே மூன்றாம் படுக்கைக்குப் போய்ப் பையன் மடியில் தலையை வைத்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாகக் குறைந்தது. பெரிய சிஸ்டர் சிரித்துத் தலையசைத்தார். லிஃப்ட்டம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனார்.

முடியவில்லை. அவருடைய வலது கையின் இரண்டு விரல்களை ஏதோ பிடித்திருந்தது. சின்னப் பிடி. ஜில்லென்றிருந்தது.

மாலையில் விளக்குகளைப் போட்டபடி பெரிய சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தார். "என்ன லிஃப்ட்டம்மா, இன்னும் கிளம்பலையா?"

"குண்டுவை மட்டும் என் தங்கச்சி வீட்டுல விட்டுடச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார், கையை அசைக்காமல். "நான் இங்கதான் இருப்பேன்."